குதிகாலில் தொடங்கும் பாடம்

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் நின்ற கால் எப்படி இருக்கும் தெரியுமா? குதிகால் கோடைக் கரம்பை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். விரல் இடுக்கில் தோல் ஊறி, வெளுத்து, உரிந்திருக்கும். பாதத்தின் அடி, தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்குத் தடித்திருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டால் உள்ளே வியர்த்து வழுக்கும், பாத்திச் சேறு பிடித்து இழுக்கும். அதனால் பெரும்பாலும் வெறுங்கால்தான். ராத்திரி விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொண்டு படுத்தாலும், விடிந்தால் மறுபடி உப்புத் தண்ணி.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரியின் மகள் அழகுக்கலைத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைப் பெண்தான், பெயர் வேண்டாம். அவள் படிக்கிற பாடம் மட்டும் நிஜம். புத்தகத்தின் தொடக்கத்திலேயே தோலின் படம் வந்துவிடும். உடம்பின் மற்ற இடங்களில் மேல்தோலுக்கு நான்கு அடுக்கு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஐந்து. அந்த அதிகப்படி அடுக்குக்கு ஸ்ட்ரேட்டம் லூசிடம் என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே கிடப்பது ஸ்ட்ரேட்டம் கார்னியம், செத்த செல்களின் அடுக்கு. அடியில் பிறக்கிற செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். பெயர் வாயில் நுழையாமல் தடுமாறுகிறவள் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால், அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். படத்தில் இருக்கிற ஐந்தும் அங்கே இருக்கிறது, வெடிப்போடு சேர்த்து.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் ஒரு காட்சி. சாலையோரம் சதுரம் சதுரமாகத் தண்ணீர், வெள்ளை வெள்ளையாகக் குவியல். வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சங்க இலக்கியம் சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காட்டுகிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று தமிழ்நாட்டு உப்பைப் பற்றிப் பேசினால் அடுத்து வரும் பெயர் மரக்காணம். ஆண்டுத் தொடக்கத்தில் பாத்தியைச் சீர் செய்து, மிதித்துக் கெட்டிப்படுத்தி, வெயில் ஏற ஏற உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் தொழில் கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது தமிழக அரசு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது இந்தக் கரை முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் 5,000 எத்தனை நாளைக்குக் காணும் என்று கணக்குப் போட எந்த நிபுணரும் தேவையில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உப்பு கரைகிற ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் முகூர்த்தம் கூடுகிறது. அம்மாவுக்கு வேலை இல்லாத அதே வாரத்தில் கல்யாணப் பெண்ணுக்கு ஃபேஷியல், மெஹந்தி, மேக்கப் என்று மகளுக்கு வேலை வரலாம். ஊரில் பெண்பிள்ளைகள் பியூட்டீஷியன் கோர்ஸ் பக்கம் போவதற்குப் பகட்டு ஆசைதான் காரணம் என்று நினைக்கிறவர்கள், இந்தக் காலண்டரை ஒருமுறை பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் இல்லாத தேசம்

அமெரிக்காவில் அடுத்தவர் முகத்தில் காசுக்குக் கை வைக்க வேண்டும் என்றால் மாநில அரசின் லைசென்ஸ் வேண்டும். டாக்டர், வக்கீல் மாதிரி அழகுக்கலைக்கும் போர்டு உண்டு. டெக்சஸில் 750 மணி நேரம் படிக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் 600, அலபாமாவில் 1,000. படித்த பிறகு எழுத்துத் தேர்வு. பல மாநிலங்களில் செய்முறைத் தேர்வும் உண்டு. கலிஃபோர்னியா 2022-லிருந்து செய்முறையை எடுத்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்தால் அபராதம்.

நம்மூரில் அப்படி எதுவும் இல்லை. கடை வைக்க உள்ளாட்சியின் தொழில் உரிமம் வேண்டும், அவ்வளவுதான். உள்ளே முகத்தைத் தொடுகிற கைக்கு எந்தத் தேர்வும் கட்டாயமில்லை. நேற்று வீடியோ பார்த்து இன்று பிளீச் போடலாம். கேட்க ஆள் கிடையாது.

அப்படியானால் அமெரிக்கா மாதிரி இங்கேயும் லைசென்ஸ் கொண்டுவந்துவிடலாமா? அங்கேயே நடந்த ஒரு வழக்கைப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். வழக்கின் பொருள் நம்ம ஊர் நூல். புருவம் எடுக்கிற பருத்தி நூல்.

டெக்சஸில் த்ரெட்டிங் மட்டும் செய்துவந்த தெற்காசியக்காரர்களிடம் 'எஸ்தெட்டீஷியன்', அதாவது தோல் அழகுப் பராமரிப்பாளர் லைசென்ஸ் கேட்டு அபராதம் போட ஆரம்பித்தது மாநில உரிமத் துறை. ரசாயனம் கிடையாது, கத்தி கிடையாது, வெறும் நூல். இதற்கு எதற்கு 750 மணி நேரம் என்று 2009-ல் வழக்குப் போட்டார்கள். ஆசிஷ் பட்டேல் என்பவர் முதல் மனுதாரர். 2015 ஜூன் 26 அன்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த 750 மணி நேரத்தில் 320 மணி நேரம் வரைக்கும் த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாத படிப்பு என்று நீதிமன்றம் கணக்குப் பார்த்தது. இத்தனைக்கும் பாடத்திட்டத்தில் த்ரெட்டிங் கட்டாயப் பாடம்கூட இல்லை. செய்கிற வேலையைச் சொல்லித்தராத பள்ளிக்கூடத்தில் போய்ச் சான்றிதழ் வாங்கி வா என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

தேர்வு வேண்டும், ஆனால் அது செய்கிற வேலைக்கான தேர்வாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. சட்டம் கட்டாயப்படுத்தாத நம்மூரில், ஒரு பெண் தானாக முன்வந்து ஒரு வருஷம் படித்து ஒரு பரீட்சை எழுதுகிறாள் என்றால் அவளுக்கு டெக்சஸ்காரிகளை விடக் கொஞ்சம் கூடவே மரியாதை தரலாம்.

ஒரு வருஷமா, ஒரு மாசமா?

இங்கே அரசு முத்திரையோடு அழகுக்கலை படிக்க இருக்கிற கெட்டியான வழி ஐ.டி.ஐ. 'காஸ்மெட்டாலஜி' என்று ஒரு தொழிற்பிரிவு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஒரு வருஷம், 1,200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் கைவேலை, 240 மணி நேரம் பாடம், மிச்சம் 120 மணி நேரம் வேலைத்திறன் என்ற பெயரில் ஆங்கிலம், கணினி, வாடிக்கையாளரிடம் பேசும் முறை. முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு. எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை. தேர்ச்சி மதிப்பெண்ணில்தான் விஷயம் இருக்கிறது: எழுத்தில் 33 சதவீதம் எடுத்தால் பாஸ், செய்முறையில் 60 எடுக்க வேண்டும். மனப்பாடக்காரியைவிடக் கைக்காரிக்குத்தான் இந்தத் தேர்வு சாய்கிறது. சாய வேண்டியதுதான்.

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் தனி. எல்லா ஐ.டி.ஐ.யிலும் காஸ்மெட்டாலஜி பிரிவு இருக்காது. எங்கே இருக்கிறது என்பதைக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. மரக்காணத்துப் பெண்ணுக்குத் திண்டிவனமோ விழுப்புரமோ புதுச்சேரியோ, எதுவானாலும் தினம் ஒரு பஸ் பயணம் இருக்கிறது.

பாடப்புத்தகம் எங்கே அச்சாகிறது தெரியுமா? நாடு முழுக்க ஐ.டி.ஐ.களுக்கு நூலும் வினாவங்கியும் தயாரிக்கிற தேசியப் பயிற்று ஊடக நிறுவனம், சுருக்கமாக நிமி, சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 1986-ல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. டெல்லிக்குப் போய்த் தேட வேண்டியதில்லை.

கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, ஒரு வருஷம் வகுப்பில் உட்கார முடியாத பெண்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஒரு மாத அளவில் அழகுநிலையப் பயிற்சி இலவசமாகத் தருகிறார்கள். சாப்பாடு, தங்கல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1982-ல் தர்மஸ்தலா பக்கத்து உஜிரேயில் பிறந்த யோசனை இது. இன்று மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் நடத்துகின்றன. தாட்கோவும் பட்டியல் சமூக, பழங்குடி இளைஞர்களுக்கு இந்தத் தொழிலில் பயிற்சி தருகிறது. அழகு மற்றும் நலத் துறைக்கான திறன் கவுன்சில் ஒன்று இருக்கிறது, அது 'உதவி அழகுச் சிகிச்சையாளர்', 'அழகுச் சிகிச்சையாளர்' என்று படிப்படியாகச் சான்று தருகிறது. ஏற்கெனவே பார்லரில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் தனித்தேர்வராகத் தொழிற்தேர்வே எழுதலாம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் என்.வி.க்யூ. என்ற தேசியத் தொழில் தகுதிச் சான்று அழகுக்கலைக்கு இருக்கிறது.

இதற்கு நடுவில் 'ஏழே நாளில் டிப்ளமா' கடைகளும் இருக்கின்றன. தங்க நிற எழுத்து, சிவப்பு முத்திரை, பட்டமளிப்பு அங்கி, தொப்பியோடு போட்டோ. கட்டணம் பல ஆயிரம். ஏழு நாளில் ஒரு புருவத்தை ஒழுங்காக எடுக்கப் பழகினால் பெரிய விஷயம். தோல் 28 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. நீங்கள் போட்ட க்ரீம் என்ன செய்தது என்று பார்க்கவே அத்தனை நாள் வேண்டும்.

நூலின் ஒரு முனை

த்ரெட்டிங் பழகுகிறவள் முதலில் எடுப்பது தன் கால் முடியைத்தான். நூலை நீளமாக இழுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இடது கையில் சுற்றி, நடுவில் வலது கை விரல்களால் ஐந்தாறு முறுக்கு. விரலை விரித்தால் முறுக்கு ஒரு பக்கம் ஓடும், மூடினால் திரும்பும். அந்த ஓட்டத்தில் முடி மாட்டி வேரோடு வரவேண்டும். முதல் வாரம் முடி வராது, தோல்தான் மாட்டும். முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்து, ராத்திரி போர்வை பட்டால் எரியும். அதற்குப் பிறகு தங்கை, அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா. 'புருவத்தைப் பாதி வழிச்சுட்டா' என்று ஒரு சண்டையாவது வராமல் யாரும் பியூட்டீஷியன் ஆனதில்லை.

தேர்வு பார்ப்பது வளைவின் அழகை மட்டும் என்று நினைத்தால் தப்பு. நாற்காலியில் ஆள் உட்காரும் முன்னாலேயே மதிப்பெண் ஓட ஆரம்பித்துவிடும். கை கழுவினாயா, நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரத்தைக் கழற்றினாயா, துண்டு புதிதா, கருவிகள் எங்கே ஊறுகின்றன? கழுவுவது வேறு, கிருமிநீக்கம் வேறு, முற்றிலும் கிருமியே இல்லாமல் செய்வது வேறு. மூன்றையும் குழப்பினால் மார்க் போகும். அழுக்கைத் தேய்த்துக் கழுவாமல் மருந்துத் தண்ணீரில் போட்ட கத்தரிக்கோல், ஊறியதற்குச் சமமில்லை. ஆட்டோகிளேவ் என்கிற நீராவி அழுத்தக் கருவி என்றால் 121 டிகிரி, 15 நிமிடம். டெட்டால் ரெண்டு சொட்டு விட்ட டம்ளரில் பிளக்கரை நிறுத்தி வைக்கிற பழக்கம் எத்தனை கடைகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில், குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். திங்கட்கிழமை ஒருத்திக்குப் பயன்படுத்திய பிளேடு சனிக்கிழமையும் ஆபத்துதான். மெழுகு போடுவதிலும் இதே கதை. ஸ்பேச்சுலாவால் மெழுகை எடுத்துக் கையில் தடவிவிட்டு அதே ஸ்பேச்சுலாவை மறுபடி டப்பாவில் முக்கினால், அந்த டப்பா அதற்குப் பிறகு ஊருக்கே பொது. ஒருமுறை தொட்டதைத் திரும்ப முக்காதே என்பது பாடம். எச்சில் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போடாதே என்று எல்லா அம்மாக்களும் சொல்லித்தந்ததுதான். பார்லர் வாசலில் அது எப்படியோ மறந்துபோகிறது.

நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லில் கடித்த முனையிலிருந்து எச்சில் நூல் வழியே இறங்குகிறது. முறுக்கு ஓடும்போது அந்த ஈரம் புதிதாகத் திறந்த மயிர்க்கால்களின் மேல் போகிறது. த்ரெட்டிங் செய்த இடத்தில் மருவும் கொப்புளமும் வந்ததைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நூலைக் கடிக்கத் தேவையே இல்லை, கழுத்தில் மாட்டிக்கொண்டும் செய்யலாம். கொரோனா காலத்தில் முகக்கவசம் போட்டபிறகு வேறு வழியில்லாமல் நிறையப் பேர் அப்படிப் பழகினார்கள். கவசம் போனதும் நூல் மறுபடி வாய்க்குப் போய்விட்டது.

டிகிரி தெரிந்தவர்கள்

உப்பு எப்போது விளையும் என்பதற்கு உப்பளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல் தண்ணீரின் அடர்த்தி போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி. வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியைத் தொட்டால் உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30 தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதற்குள் வாரிவிட்டு மிச்சத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தொடங்குகிற இடமும் தெரிய வேண்டும், நிறுத்துகிற இடமும் தெரிய வேண்டும். பழகிய ஆள் கருவி இல்லாமலே தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

முகத்துக்குப் போடும் பிளீச்சும் இதே மாதிரி அளவுக் கணக்குதான். ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்தால் முடியின் கருமை வெளுக்கும். எத்தனை துளி, எத்தனை நிமிடம் என்பதை டப்பாவே சொல்கிறது. அதற்கு மேல் ஐந்து நிமிடம் வைத்தால் கூடுதல் வெள்ளை வராது, புண் வரும். நம்ம மாதிரி மாநிறத் தோலில் புண் ஆறினாலும் அந்த இடம் கறுத்து நிற்கும், மாதக்கணக்கில் போகாது. வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் ஒரு வகைப்பாடு போட்டார். முதலில் அதில் வெள்ளைத்தோல் வகைகள் மட்டும்தான் இருந்தன. பழுப்பும் கறுப்பும் பிறகுதான் சேர்ந்து மொத்தம் ஆறு ஆயின. இந்தியர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்தில் வருவோம். வெள்ளைக்கார மாடல் படம் போட்ட டப்பாவின் வாக்குறுதியை உப்பள வெயிலில் காய்ந்த முகத்தில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது என்பது தேர்வுக்கும் வேண்டும், தொழிலுக்கும் வேண்டும்.

இந்த இடத்தில் உப்பைப் பற்றி இன்னொன்று. கடற்கரைச் சாலை ரிசார்ட் ஸ்பாக்களில் 'ஸீ சால்ட் ஸ்க்ரப்' என்று ஒரு சேவை உண்டு. நுணுக்கின கடலுப்பை எண்ணெயில் குழைத்துப் பாதத்தில் தேய்த்துச் செத்த தோலை எடுப்பார்கள். அம்மாவின் குதிகாலை வெடிக்க வைத்த அதே உப்பு, சில மைல் தூரத்தில் குதிகாலை மிருதுவாக்குகிறேன் என்று காசு வாங்குகிறது. நக்கல் அடிக்கத் தோன்றும். ஆனால் பாடம் சொல்வது சரி: வெடிப்பு இல்லாத தோலுக்கு உப்பு ஸ்க்ரப் போடலாம், வெடித்த தோலுக்குக் கூடாது. உப்பளக்காரி வீட்டுப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி வந்தால் விடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'முடியாது' என்று சொல்லக் கற்பது

இந்தப் பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எப்போது வேலை செய்யக்கூடாது என்று சொல்கிற பகுதிதான். சர்க்கரை நோயாளியின் காலில் ஆணியைப் பிளேடால் சீவாதே. உணர்ச்சி குறைந்த காலில் சூடான தண்ணீர் ஊற்றாதே. பூஞ்சை பிடித்த நகத்துக்குப் பெடிக்யூர் செய்யாதே, டாக்டரிடம் அனுப்பு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. பெடிக்யூர் நாற்காலியில் உட்கார்கிறவர்களிலும் அவர்கள் இருப்பார்கள். 'சுகர் இருக்காம்மா?' என்ற ஒரு கேள்வியில் ஒரு விரல் பிழைக்கலாம்.

தலைக்கு டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னே ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். டையிலும், சீக்கிரம் கறுக்கிற கறுப்பு மருதாணியிலும் இருக்கிற பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு முகத்தையே வீங்க வைக்கும். 'நாளைக்குக் கல்யாணம், இப்பவே போடு' என்று வந்து நிற்கிற வாடிக்கையாளரிடம் மாட்டேன் என்று சொல்ல எந்தப் புத்தகமும் தைரியம் தராது. காரணத்தை மட்டும் தரும்.

கழுத்தைப் பின்னால் அதிகம் சாய்த்துத் தலை கழுவினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் சிக்கல் வரலாம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வெயின்ட்ராப் 1993-ல் இப்படிப் பாதிக்கப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அபூர்வம்தான். கழுத்துக்கு அடியில் மடித்து வைக்கிற ஒரு துண்டுக்கு ஆகிற செலவு என்ன?

பெரிய ஆபத்து வெள்ளையாக்கும் க்ரீம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, காரணம் தேடியபோது அவர்கள் பூசிவந்த சிவப்பழகுக் க்ரீம்களில் போய் நின்றது. உள்ளே பாதரசம். அழகுப் பொருளில் தவறிச் சேரும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி, கண்ணுக்குப் போடும் மைக்கு மட்டும் அளவு வேறு. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆப்பரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனை போட்டது. ஸ்டீராய்டு களிம்புகள் இன்னொரு தலைவலி. பூசிய ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, க்ரீமை விட்டால் எரிச்சல். 2018-ல் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டது. பெயர் எழுதாத வெள்ளை டப்பாவில் 'எங்க ஸ்பெஷல் க்ரீம்' என்று யாராவது நீட்டினால் அது ஸ்பெஷல்தான், வேறு அர்த்தத்தில்.

கறுப்புத் தோலை நோய் மாதிரி நடத்துகிற இந்தச் சந்தையில் போய் நிற்கப்போகிறவள் நாள் முழுக்க வெயிலில் நின்றவளின் மகள். 'கறுப்பு போகுமா?' என்ற கேள்வி அவள் கடையில்தான் தினம் வரும். போகாது, போக வேண்டியதும் இல்லை, வெயிலில் கருத்தது மட்டும் கொஞ்சம் குறையும் என்று அவள் நேராகச் சொன்னால் சில வாடிக்கையாளர்களை இழப்பாள். சொல்லத்தான் வேண்டும்.

முத்திரைக்கு என்ன மதிப்பு?

நம்மூரில் இந்தத் தொழிலுக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. முடி வெட்டுவது, மருந்து கொடுப்பது, பிரசவம் பார்ப்பது மூன்றும் ஒரு சமூகத்தின் கையில் இருந்தன. ஊரின் உடம்பைத் தொட்டுப் பராமரித்த அந்தக் கைகளை ஊர் தள்ளித்தான் வைத்தது. அதே வேலை கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் ஆங்கிலப் பெயர்ப் பலகையும் வாங்கிக்கொண்டபோது 'கலை' ஆகிவிட்டது, எல்லாச் சாதிப் பெண்களும் படிக்க வந்தார்கள். சென்னை காதர் நவாஸ்கான் சாலையில் 2000-ல் ஒரு கடையாகத் தொடங்கிய நேச்சுரல்ஸ் ஊர் ஊராகப் பரவியதில் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். வந்தது நல்லதுதான். ஆனால் முடிதிருத்துவோர் நல வாரிய அட்டை வைத்திருக்கும் பெரியவருக்கும் 'ஹேர் ஸ்டைலிஸ்ட்' பையனுக்கும் நடுவே இருக்கிற மரியாதை வித்தியாசம் கத்தரிக்கோலில் இல்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

சான்றிதழ் இல்லாமலும் கடை திறக்கலாம் என்றால், நம் மரக்காணத்துப் பெண்ணுக்கு அந்தத் தாள் எதற்கு? வங்கியில் கடன் கேட்கும்போது மேஜை மேல் வைக்கலாம். புதுச்சேரி, ஆரோவில் பக்கத்து ஸ்பாவிலோ சென்னைச் சங்கிலிக் கடையிலோ வேலைக்குப் போனால் சம்பளம் பேச உதவும். வளைகுடாவுக்குப் போக நினைத்தால் கேட்பார்கள். ஊரிலேயே வீட்டு முன்னறையில் கடை போட்டால் சுவரில் மாட்டலாம், மாட்டினாலும் வாடிக்கையாளர் படிக்க மாட்டார். இதுதான் இப்போதைய நிலைமை. சட்டமும் கேட்கவில்லை, வாடிக்கையாளரும் கேட்கவில்லை. ஒரு வருஷம் படித்தவளும் ஏழு நாள் படித்தவளும் ஒரே தெருவில் ஒரே விலைக்குப் புருவம் எடுக்கிறார்கள். படித்தவள் புது பிளேடு, புது நூல், கையுறை, ஸ்பேச்சுலா என்று செலவு செய்கிறாள்; படிக்காதவளுக்கு அந்தச் செலவு மிச்சம். சந்தை யார் பக்கம் சாயும்?

எல்லோருக்கும் ஒரேயடியாக 750 மணி நேர லைசென்ஸ் என்று அரசு கிளம்பினால் முதலில் மூடப்படுவது இந்த முன்னறைக் கடைகள்தான், அது எனக்குச் சம்மதமில்லை. கிருமிநீக்கமும் ஆபத்துக் குறிகளும் மட்டும் சேர்ந்த ஒரு சின்னத் தேர்வு, தமிழில், தாலுகாவிலேயே, இலவசமாக. அதைக் கட்டாயமாக்கினால் போதும். மிச்சத்தை விரும்புகிறவர்கள் ஐ.டி.ஐ.யில் படிக்கட்டும்.

தொழிற்தேர்வு பெரும்பாலும் ஆடிக் காற்று அடிக்கும் காலத்தை ஒட்டி வருகிறது. உப்பளத்தில் அப்போது வேலை ஓடிக்கொண்டிருக்கும். செய்முறைக்குப் பழகிப் பார்க்க மாடல் வேண்டும் என்று மகள் கேட்டால், அம்மா பாத்தியிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டுத்தான் உட்கார முடியும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, ஊறின தோலில் ஆழ்ந்த வெடிப்பைத் தொடாமல் ஓரத்தை மட்டும் தேய்க்கிற கல், விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைத்துவிட்டுக் களிம்பு. உப்பு ஸ்க்ரப் கிடையாது. நாற்பது நிமிட வேலை.

அந்தச் சின்னத் தேர்வு கட்டாயமாகும்வரைக்கும், வாசகர்களான உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புருவம் எடுக்க நாற்காலியில் சாயும்போது கண்ணை மூடுவதற்கு முன் நூலின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல்லில் இருந்தால், 'கழுத்துல மாட்டிக்கம்மா' என்று சொல்லுங்கள். ஏன் என்று அவள் கேட்டால், காரணத்தையும் சொல்லுங்கள்.